ஆள் இறங்கவில்லை

ஆனையூரில் எங்கள் காலனிக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தண்ணீர் லாரி எப்போது வரும், யார் வண்டி யார் வாசலை மறித்து நிற்கிறது, எவர் வீட்டு நாய் எவரைக் கடித்தது, எல்லாப் பஞ்சாயத்தும் அதில்தான் நடக்கும். இந்த ஆகஸ்டில், சுதந்திர தினத்துக்கு முந்தைய வாரம், அதில் என் வீட்டுப் படம் வந்தது. வரிசையாக எல்லா மாடியிலும் தேசியக் கொடி பறக்கிறது. நடுவில் என் வீடு மட்டும் சும்மா நிற்கிறது. அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். கீழே, "இந்த ஒரு வீடு மட்டும் ஏன்?" என்று ஒரு கேள்வி. கேள்விக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

படத்தைப் போட்டவர் காலனிச் சங்கத்தின் செயலாளர் பிரபு. நாற்பது வயதுக்காரர். வங்கியில் வேலை. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் வண்டி எடுக்கிற மனிதர். மறுநாள் காலையில் நேரிலேயே வந்துவிட்டார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. தெருவே கொடி கட்டியிருக்கு. ஒங்க வீடு மட்டும் மொட்டையா நிக்குது."

"மொட்டையா நிக்கிறது நான்தான் மாப்ள. வீடு நல்லாத்தான் இருக்கு."

"வெளையாடாதீங்கண்ணே. காலமெல்லாம் கவர்மென்ட்டு சம்பளம். இன்னைக்கும் பென்சன். நாட்டுப்பற்று வேணாமா?"

"கொடி கட்டுறேன். அதுக்கு முன்னாடி நீ அந்தக் கொக்கியை எடு."

"எந்தக் கொக்கி?"

அண்ணாந்து காட்டினேன். தெரு முழுக்கக் காவி, வெள்ளை, பச்சை என்று சீரியல் பல்பு தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குக் கரண்டு வந்த வழி, தெருவிளக்குக் கம்பத்தின் கம்பியில் மாட்டிய ஒரு கொக்கி. விழாவுக்குத் தற்காலிக இணைப்பு வாங்க நம் மின்துறையில் வழி இருக்கிறது. அதற்கு யாருக்கும் நேரம் இல்லை.

"அட, நாலு நாளைக்குத்தானண்ணே! நம்ம நாட்டுக் கரண்டு, நம்ம நாட்டுக் கொடிக்கு. இதுல என்ன இருக்கு?"

"அந்த வயரு தோல் உரிஞ்சு கெடக்கு. மழை பேஞ்சா கம்பமே கரண்டு அடிக்கும். பல்பு மாத்த வர்ற வயர்மேன் கைய வச்சான்னா அவன் வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

"எல்லாத்துலயும் ஒரு குத்தம் கண்டுபிடிப்பீங்கண்ணே. நாட்டுப்பற்று இல்லைன்னு நேராச் சொல்லிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். என் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ஏங்க, திரும்பவுமா?" என்றாள்.

திரும்பவும்தான். அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. அதைக் கலர் போஸ்டரில், ஆள் உயர எழுத்தில் வாங்கியவன் நான். பிரபு கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். உட்காரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மின்துறையில் நுழைந்தது கம்பம் நடக் குழி தோண்டுகிற கூலியாளாக. பிறகு ஹெல்பர், வயர்மேன், கடைசியில் துணைமின் நிலையத்தில் ஆபரேட்டர். பாடமெல்லாம் கேட்டும் பார்த்தும் திட்டு வாங்கியும் கற்றது. அந்தக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. முதுகு வலி மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது.

ஆபரேட்டர் வேலை வெளியாளுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த பஞ்சவர்ணம் அக்கா, "கரண்டு இருக்கிற வரைக்கும் ஒங்க மூஞ்சியே எங்களுக்கு ஞாபகம் வராதுய்யா. போன ஒடனே ஒங்க ஆத்தா அப்பன் வரைக்கும் ஞாபகம் வருது" என்று சொல்லும். அந்த அக்கா சொன்னதைவிடச் சரியாக எங்கள் வேலையை யாரும் சொன்னதில்லை.

அந்த வேலையில் எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. எல்.சி., அதாவது லைன் க்ளியர்: லைனில் கரண்டு இல்லை, ஏறலாம் என்ற அனுமதி. கம்பத்தில் ஏறப் போகிறவர் ஆபரேட்டரிடம் வந்து எல்.சி. கேட்பார். ஆபரேட்டர் அந்த லைனின் பெரிய சுவிட்சான பிரேக்கரை இறக்க வேண்டும். கம்பித் தொடர்பையே துண்டிக்கிற ஐசோலேட்டரைப் பிரிக்க வேண்டும். அதைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கைப்பிடியில் 'ஆள் வேலை செய்கிறார்' என்ற சிவப்புப் பலகையை மாட்ட வேண்டும். பிறகுதான் "ஏறலாம்" என்று சொல்ல வேண்டும். எல்.சி. எடுத்தவர் எவரோ அவர்தான் அதைத் திருப்பித் தர வேண்டும். அவர் மச்சான் தரக்கூடாது, மேலதிகாரி தரக்கூடாது, மந்திரி தரக்கூடாது. அவர் வாயால், "முடிந்தது, ஆட்கள் இறங்கிவிட்டார்கள்" என்று சொல்லும்வரை அந்த லைன் செத்த லைன்தான்.

இதெல்லாம் விதிப்புத்தகத்தில் எப்போதும் இருந்தது. எங்கள் நிலையத்தில் அதற்கு உயிர் வந்தது எஸ்தர் மேடம் வந்த பிறகு.

எஸ்தர் மேடம் எங்கள் உதவிப் பொறியாளர். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அந்த வாத்தியார் குணம் மகளிடமும் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாலும் கைப்பையை மடியில் வைத்து, முதுகு சாயாமல்தான் உட்காருவார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. எதிரில் இருப்பவர் கத்தக் கத்த அவர் குரல் இறங்கும். கடைசியில் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே கத்துகிறவர் வாயை மூட வேண்டி வரும். பெரிய பெரிய ஒப்பந்தக்காரர்கள் இப்படி அடங்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் வாயில் அடிக்கடி வந்த வார்த்தை, "திருப்பிச் சொல்லுங்க." போனில் எந்தச் செய்தி சொன்னாலும், "சரி மேடம்" என்றால் விடமாட்டார். "சரின்னா எனக்குப் புரியாது தங்கராசு. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க." நாங்கள் அவருக்குப் பின்னால் 'திருப்பி டீச்சர்' என்று பேர் வைத்தோம். அது அவருக்குத் தெரியும். ஒரு நாள் அவரே, "திருப்பி டீச்சர் பேசுறேன்" என்று போன் செய்தார். அதோடு அந்தப் பேரில் ருசி போய்விட்டது.

இன்னொரு பழக்கமும் அவர் கொண்டுவந்ததுதான். எல்.சி. எடுக்கும்போது எடுப்பவர் ஒரு வார்த்தையை ஆபரேட்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். திருப்பித் தரும்போது அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும். போனில் யாரும் யார் குரலிலும் பேசலாம் அல்லவா? வார்த்தை வந்தால் ஆள் இறங்கிவிட்டார் என்று பொருள். வராவிட்டால் இறங்கவில்லை. அவ்வளவுதான்.

எங்கள் வயர்மேன் சோணைமுத்து கீழக்குயில்குடிக்காரன். மலையடிவாரத்தில் பிறந்தவன், கம்பத்தில் ஏறுவது அவனுக்குப் படியேறுவது மாதிரி. வாய் நிறையப் பேச்சு, வயிறு நிறையப் பசி. அவன் சொல்லும் வார்த்தை எப்போதும் சாப்பாட்டு அயிட்டமாகவே இருக்கும். ஒரு நாள் கறிதோசை. ஒரு நாள் குடல் குழம்பு. "ஏன்டா, ஒரு சாமி பேரைச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். "சாமி பேரை எவன் வேணாலும் சொல்லிப்புடுவாண்ணே. எனக்கு என்ன திங்கணும்போல இருக்குன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றான்.

அவனே இன்னொன்றும் சொல்வான். "மேல ஏறிட்டா எனக்கு ரெண்டு உசிருண்ணே. ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு ஒங்க சட்டைப் பையில."

நான் சொல்ல வந்த நாளும் ஒரு சுதந்திர தினம்தான். முந்தின நாள் அடித்த மழையில் ஒரு லைனில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் இன்சுலேட்டர் வெடித்துவிட்டது. அந்த லைனில்தான் அந்தப் பக்கத்துக் குடிநீர் மோட்டார்கள் எல்லாம் ஓடுகின்றன. லீவு நாள்தான். ஆனாலும் சோணை வந்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு நேராக வந்திருந்தான். சட்டையில் குண்டூசியால் குத்திய சின்னக் காகிதக் கொடி. பையில் கடித்து மிச்சம் வைத்த மிட்டாய்.

எல்.சி. கொடுத்தேன். பிரேக்கரை இறக்கினேன், பிரித்தேன், பூட்டினேன், பலகையை மாட்டினேன். அவன் சட்டையிலிருந்து கொடியைக் கழற்றி அந்தச் சிவப்புப் பலகையின் மூலையில் குத்தினான்.

"கம்பத்துல கசங்கிரும்ணே. வர்ற வரைக்கும் பாத்துக்கங்க. கொடிக்கு எதாச்சும் ஆச்சு, ஒங்களயத்தான் கேப்பேன்."

"வார்த்தையச் சொல்லுடா."

காதருகே குனிந்து, "பருத்திப்பால்" என்றான்.

அவனும், ஏணி பிடிக்கிற பெரியவர் ஒருவரும் போனார்கள். கம்பத்தில் ஏறும்போது போனை அணைத்துக் கீழே பையில் போட்டுவிட வேண்டும் என்பதும் எங்கள் விதி. அதனால் அவன் கூப்பிட்டால்தான் உண்டு. நாம் கூப்பிட முடியாது.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அந்தப் பகுதியின் விழாக்குழுத் தலைவர். ஊரே அவரைத் 'தலைவர்' என்றுதான் கூப்பிடும். பெரிய மைதானத்தில் பந்தல் போட்டு, மைக் செட்டு, பெரிய திரை எல்லாம் வைத்திருந்தார்.

"ஆபரேட்டரு, மைக்கு வேலை செய்யல. ஸ்கிரீனு வேலை செய்யல. சிறப்பு விருந்தினர் கார் கிளம்பிருச்சு. லைனை ஏத்துய்யா."

"லைன்ல ஆள் இருக்குண்ணே."

"ஆளை எறங்கச் சொல்லு."

"அவன் எறங்கினாச் சொல்லுவான். சொன்னா ஏத்துறேன்."

போனை வைத்துவிட்டார். ஓய்ந்தது என்று நினைத்தேன். இரண்டு ஆட்களோடு நேரிலேயே வந்து இறங்கிவிட்டார். வெள்ளை வேட்டி, சட்டையில் துணிக் கொடி, நெற்றியில் சந்தனம், வியர்வை.

"யோவ், நான் என் ரெண்டு கண்ணால பாத்துட்டு வாரேன். ஏணியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. கம்பத்துல ஒரு காக்கா கூட இல்ல. ஏத்து."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் பார்த்ததும் தெரிந்ததும் ஒன்றில்லையே.

"அப்ப வார்த்தையச் சொல்லுங்கண்ணே."

"என்ன வார்த்தை?"

"சோணை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கான். அது வந்தாத்தான் சாவி வெளிய வரும்."

"என்னய்யா, கண்ணாமூச்சி வெளையாட்டா?" என்றவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நிமிர்ந்து நின்று, "ஜெய்ஹிந்த்!" என்றார்.

"இல்லண்ணே."

"வந்தே மாதரம்!"

"அதுவும் இல்ல."

கூட வந்த ஒருவர் பின்னாலிருந்து, "பாரத் மாதா கி ஜே!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"சிரிக்கிறியா? நாட்டுப்பண் பாடணும்யா. மைக் இல்லாம எப்பிடிப் பாடுறது?"

"தொண்டையால பாடலாம்ணே. மைக்கு இல்லாம நாட்டுப்பண் செத்துராது. கரண்டு ஏத்தினா ஆள் செத்துருவான்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பலகையில் குத்தியிருந்த கொடியைக் காட்டினார். "கொடியை மட்டும் குத்தி வச்சிருக்க. மனசுல பற்று இல்லையே?"

"அது நான் குத்தினது இல்ல. கம்பத்துல இருக்கவன் குத்தினது. அவன் வந்துதான் எடுப்பான்."

அவர் கை என் சட்டைப் பையை நோக்கி வந்தது. நான் பின்னால் நகர்ந்து, பலகைக்கு முதுகு கொடுத்து நின்றேன். அவர்கள் மூன்று பேர். நான் ஒருவன். தள்ளியிருந்தால் விழுந்திருப்பேன். பையைக் கையால் பொத்திக்கொண்டு, இந்தச் சாவியை எடுக்க வேண்டுமென்றால் கையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது மனசு.

அந்த நேரத்தில் மேசை போன் அடித்தது. எஸ்தர் மேடம். அந்த விழாவுக்கு அதிகாரிகளையும் அழைத்திருந்தார்கள். மைதானத்திலிருந்துதான் பேசினார்.

"தங்கராசு, லைனை ஏத்தச் சொல்லி எனக்கு மேல இருக்கிறவங்க சொல்றாங்க. பக்கத்துலதான் நிக்கிறாங்க."

அந்த அடங்கிய குரல்தான். வெளியாள் சொன்னால் மறுக்கலாம். இவர்தானே எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர்!

"இப்ப நான் ஏத்துங்கன்னு சொன்னா, நீங்க ஏத்துவீங்களா?"

"ஏத்த மாட்டேன் மேடம். நீங்க சொன்னாலும் ஏத்த மாட்டேன். சோணை சொல்லணும்."

மேடம் சொன்னார்:

"திருப்பிச் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

நான் சொன்னேன். தொண்டை கிழியச் சொன்னேன். எதிரே நின்ற தலைவருக்கும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ ஓர் ஆண் குரல் கோபமாக முனகியது. மேடம், "கேட்டுக்கிட்டீங்களா சார்?" என்று யாரிடமோ கேட்டார். போன் வைக்கப்பட்டது.

தலைவர், "ஒன்னய எழுதி வச்சுக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு அந்த அறையில் நானும் அந்தக் காகிதக் கொடியும்தான். காத்திருந்தேன். கடைசியில் போன் வந்தது.

"அண்ணே, பருத்திப்பால்."

"திருப்பிச் சொல்லுடா."

"பருத்திப்பால்ணே. என்னண்ணே, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

முதல் கம்பத்து வேலையை முடித்தபோது, செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த அடுத்த கம்பத்திலும் இன்சுலேட்டர் கீறியிருப்பதை அவன் பார்த்திருக்கிறான். ஏணியை அங்கே கொண்டுபோய் ஏறிவிட்டான். தலைவர் பார்த்த ஏணி, இறங்கிப் போன ஏணி இல்லை. அடுத்த கம்பத்தில் ஏறப் போன ஏணி. நான் சாவியைக் கொடுத்திருந்தால் அந்த நேரத்தில் சோணையின் இரண்டு கைகளும் கம்பியில் இருந்திருக்கும்.

பிரேக்கரை ஏற்றினேன். மோட்டார்கள் ஓடின. மைதானத்தில் அதற்குள் கொடியேற்றம் முடிந்துவிட்டது. மைக் இல்லாமல் யார் தொடங்குவது என்று மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, எஸ்தர் மேடம்தான் நாட்டுப்பண்ணை எடுத்துக் கொடுத்தாராம். கூட்டம் மொத்தமும் சேர்ந்து பாடியதாம். போனவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் நிலையத்துச் சுவரில் போஸ்டர். மதுரைக்காரனுக்குக் கோபம் வந்தால் சுவருக்குத்தான் முதலில் தெரியும். 'சுதந்திர தின விழாவை இருட்டாக்கிய தேசத்துரோகி ஆபரேட்டரைக் கைது செய்!' என்று கொட்டை எழுத்து. சுற்றிலும் விழாக்குழுவினர் முகங்கள், கையெடுத்துக் கும்பிட்டபடி. என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இம்புட்டுப் பேரு போட்டோ போட்டிருக்காங்க, ஒங்க போட்டோவைக் காணோமே!" என்றாள். அவளும் அழுதாள்தான், பிறகு.

விளக்கம் கேட்டார்கள். 'ஆள் இறங்கவில்லை. அதனால் ஏற்றவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். விரிவாக எழுதச் சொன்னார்கள். விரிக்க அதில் ஒன்றுமில்லை என்றேன். என்னைத் தூரத்து நிலையம் ஒன்றுக்கு மாற்றினார்கள். எஸ்தர் மேடத்தை வேறு மாவட்டத்துக்கே மாற்றினார்கள். அதற்கு நிர்வாகக் காரணம் என்று பேர்.

கிளம்புகிற அன்று மேடம் நிலையத்துக்கு வந்தார். கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். "அன்னைக்கு எனக்கு ஒரே பயம் தங்கராசு" என்றார்.

"மேல உள்ளவங்களை நெனச்சா மேடம்?"

"இல்ல. நீங்க மரியாதைக்காக 'சரி மேடம்'னு சொல்லிருவீங்களோன்னு."

இதுதான் பிரபுவுக்கு என் பதில். கொடி எனக்கு வேண்டாதது இல்லை. நிலையத்தில் இருந்த காலமெல்லாம் சுதந்திர தினம், குடியரசு தினமென்றால் காலையில் ஏற்றி, சாயங்காலம் இறக்கி, மடித்து வைத்தவன் நான். ஆனால் கொடியைக் காட்டி ஒருவன் உயிரை அவசரப்படுத்தினால், அந்தக் கொடிக்கு முன்னாலேயே நின்று மாட்டேன் என்பேன். நாடு என்று நான் தொட்டுப் பார்த்தது ஒரு லைனின் இரண்டு முனைகளைத்தான். ஒரு முனையில் முகம் தெரியாத வீடுகள், தண்ணீருக்குக் காத்திருக்கிற குடங்கள். மறுமுனையில் என் சொல்லை நம்பிக் கம்பத்தில் இருக்கிறவன். அந்த இரண்டுக்கும் நடுவில் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் அசையாமல் இருந்தால் அதுதான் பற்று. அதைப் படம் எடுத்துக் குழுவில் போட முடியாது. என் வீட்டைச் சுற்றி எத்தனை சிவப்பு வட்டம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். கொக்கி இறங்குகிற அன்று என் மாடியில் கொடி ஏறும். பிரபுவிடம் அதை அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

இந்தச் சுதந்திர தினத்தன்று காலையில் கொக்கி அப்படியேதான் இருந்தது. என் மாடியும் அப்படியேதான் இருந்தது. தெருவில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியைப் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "மணி அடிக்கலையா இன்னும்?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

அடித்தது. சோணையும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டான். ஊரில் மாடு வைத்திருக்கிறான். ஆனால் வருஷா வருஷம் இந்த நாளில், கொடியேற்றுகிற நேரத்துக்கு அவன் போன் வந்துவிடும். நலம் விசாரிப்பதில்லை. வாழ்த்துச் சொல்வதில்லை. ஒரே ஒரு வார்த்தைதான். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"திருப்பிச் சொல்லுடா" என்றேன்.

"பருத்திப்பால்ணே!" என்று கத்தினான்.